கடன் பதிவேட்டில் 'காரணம்' என்றொரு கட்டம்

பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்து மகளிர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமார்களே, தங்கச்சிகளே,

உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். நம் பக்கத்துக் குழு ஒன்றில் பல வருடம் ஊக்குநராக இருந்து நோட்டு எழுதியவள் நான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மரவள்ளிக் காட்டு வேலையும் பாக்கு உரிக்கிற வேலையும் முடித்து வந்து கோயில் திண்ணையில் உட்கார்ந்தால், முதலில் வருகைப் பதிவேடு, பிறகு சேமிப்பு, பிறகு கடன், கடைசியில் தீர்மான நோட்டு. உங்கள் குழுவிலும் இதே வரிசைதான் இருக்கும்.

கடன் பதிவேட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. பிள்ளை பீஸ், மாடு வாங்க, விதைக் கரணை வாங்க, கல்யாணச் செலவு, மருத்துவச் செலவு என்று நாம் எழுதுகிற கட்டம். ஒரே வருடத்தில் ஒரே பெண்ணின் பெயருக்கு நேரே மூன்று முறை 'மருத்துவச் செலவு' என்று நான் எழுதியிருக்கிறேன். முதல் முறை ஐந்நூறு, அடுத்து ஆயிரத்து ஐந்நூறு, அப்புறம் இரண்டாயிரம். கூட்டிப் பார்த்து வட்டி போட்டேன். மூன்று முறையும் அந்தக் கட்டத்தில் ஒரே சொல் ஏன் வந்தது என்று கேட்கவில்லை.

மூன்றாவது கடன் வாங்கிய அன்று நடந்ததைச் சொல்கிறேன். சித்திரை மாதம். முழங்கை தாண்டி மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கை போட்டு, அதன்மேல் முந்தானையைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். சேமிப்புப் பணம் நூறு ரூபாயை, பாதி சில்லறையாக, இடது கையால் நீட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒருவர், "குழுக் காசை எடது கையில குடுக்கிறியே, லட்சுமி தங்குமா?" என்று அதட்டினார். அவள் அவசரமாகச் சில்லறையை வலது கைக்கு மாற்றினாள். விரல்கள் மடங்கவில்லை. காசு திண்ணையிலிருந்து உருண்டு படியில் விழுந்தது. நாங்கள் நாலு பேர் குனிந்து பொறுக்கினோம். "வுழுந்துட்டேன்க்கா" என்றாள், யாரும் கேட்காமலே. நான் தலையாட்டிவிட்டு நோட்டைத் திறந்தேன்.

அடுத்த ஆடிக்குள் ஒருநாள் விடியுமுன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவள் போய்விட்டாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். நம் விதிப்படி தொடர்ந்து கூட்டத்துக்கு வராதவரை நீக்க வேண்டும். 'தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராத காரணத்தால் உறுப்பினர் நீக்கப்படுகிறார்' என்று தீர்மானம் போட்டோம். எழுதியது நான். கையெழுத்துப் போட்டது பதின்மூன்று பேர். அந்தத் தீர்மானத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் போகிறது. இந்த மடலை எழுதத் தூண்டியது அதுதான்.

நம் மாவட்டத்தைப் பற்றி வெளியூர்க்காரர்கள் பேசும்போது பெண் சிசுக்கொலை, தொட்டில் குழந்தைத் திட்டம், இளவயதுத் திருமணம் என்றுதான் தொடங்குவார்கள். பொய்யில்லை. ஆனால் இன்னொன்றும் இந்த மண்ணில்தான் தொடங்கியது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதன்முதலில் வந்தது அன்றைய ஒருங்கிணைந்த தர்மபுரி மாவட்டத்தில், 1989 செப்டம்பரில். சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு இங்கே நடத்திப் பார்த்துத்தான் பிறகு சேலத்துக்கும் தென்னாற்காட்டுக்கும் மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோனார்கள். 1997-98க்குப் பிறகு 'மகளிர் திட்டம்' என்று மாநிலம் முழுக்கப் பரவியது. பேங்குக்குள் நுழையக் கூசிய நம் அம்மாக்கள் மேனேஜருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தது அந்தக் குழுக்களால். கைநாட்டு வைத்தவர்கள் பெயர் எழுதப் பழகினார்கள். இன்று பத்து லட்சம் கடனைத் தவணை தவறாமல் கட்டுகிற குழுக்கள் நம் ஒன்றியத்திலேயே இருக்கின்றன.

முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக வாராவாரம் கூடுகிறோம். அடிக்கிற வீட்டைப் பற்றி மட்டும் அந்தத் திண்ணையில் நாம் வாய் திறந்ததில்லை.

தேசியக் குடும்பநல ஆய்வு என்று அரசாங்கம் சில வருடங்களுக்கு ஒருமுறை வீடு வீடாகக் கேட்டு எடுக்கிற கணக்கு ஒன்று இருக்கிறது. 2019-21இல் எடுத்த ஐந்தாவது ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் கணவனால் வன்முறைக்கு ஆளானவர்கள் 38.1 சதவீதம். நாடு முழுமைக்கும் அது 29.3 சதவீதம். படிப்பிலும் ஆஸ்பத்திரியிலும் முன்னால் நிற்கிற மாநிலம் இதில் நாட்டின் சராசரியைவிட மோசமாக நிற்கிறது. நூற்றுக்கு முப்பத்தெட்டு என்றால் பதின்மூன்று பேர் உட்கார்கிற குழுவில் ஐந்து பேர். அடுத்த செவ்வாய்க்கிழமை உங்கள் திண்ணையைச் சுற்றி ஒரு பார்வை பாருங்கள். அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: இந்தியாவில் உடலளவிலோ பாலியல்ரீதியாகவோ வன்முறையை அனுபவித்த பெண்களில் உதவி என்று யாரிடமாவது போனவர்கள் வெறும் 14 சதவீதம். அதிலும் பெரும்பாலோர் போனது தாய்வீட்டுக்குத்தான். தாய்வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நமக்குத் தைரியம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி இங்கிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். 1992 ஜூன் 20ஆம் தேதி சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த் துறையும் அந்த ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை இடித்து, கிணற்றைப் பாழாக்கி, ஊர் மக்களைச் சிறையில் அடைத்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் ஜனநாயக மாதர் சங்கமும் கூட நின்றன. மாதர் சங்கத் தலைவர் மைதிலி சிவராமன் அந்தப் பெண்களின் வாக்குமூலத்தை வெளியுலகுக்குக் கொண்டுவர உழைத்தார். நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறி அதிகாரிகளுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். 2011 செப்டம்பர் 29இல் தீர்ப்பு வந்தபோது, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023இல், அதே செப்டம்பர் 29இல், சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

முப்பத்தோரு வருடம் சளைக்காத பெண்கள் வாழ்கிற வட்டாரம் இது. வெளியிலிருந்து வந்து அடித்தவனுக்கு எதிராக ஊர் ஒன்றாக நின்றது. உள்ளே இருந்து அடிக்கிறவன் விஷயத்தில் "அது அவங்க வீட்டு விவகாரம்" என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

குடியைக் காரணம் சொல்கிறோம். குடி நம் ஊர்களை என்ன பாடுபடுத்துகிறது என்று எனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். குடித்துவிட்டு வருகிறவன் வழியில் மேஸ்திரியை அடிப்பதில்லை. கடன் கொடுத்தவனை அடிப்பதில்லை. பஸ்ஸில் கண்டக்டர் சத்தம் போட்டால் இறங்கிப் போகிறான். வீட்டு வாசல் வந்ததும்தான் கை ஓங்குகிறது. யாரை அடித்தால் கேள்வி வராது என்பது போதையிலும் அவனுக்குத் தெளிவாகத் தெரிகிறது. அந்தக் கேள்வி வராமல் இருப்பதற்கு நாமும் பொறுப்பு.

இதற்கென்று தனியாக ஓர் அமைப்பு வேண்டும், படித்தவர்கள் வர வேண்டும், பட்டணத்திலிருந்து பணம் வர வேண்டும் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அடிபட்ட பெண்களுக்குத் துணையாக வளர்ந்த அமைப்புகள் எப்படித் தொடங்கின என்று தேடிப் படித்தபோது ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. அவற்றில் பல, இதற்காகத் தொடங்கப்பட்டவையே அல்ல. பெண்கள் வேறு எதற்கோ கூடினார்கள். அந்த இடத்துக்கு அடிபட்ட ஒருத்தி வந்தாள். கூடியிருந்தவர்கள் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. அங்கிருந்து அந்த அமைப்பின் பாதையே திரும்பியது.

லண்டனில் சிஸ்விக் என்ற பகுதியில் 1971இல் எரின் பிட்ஸி என்பவர் ஒரு சின்ன வீட்டில், வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் தாய்மார்கள் சேர்ந்து உட்கார்ந்து பேச ஓரிடம் வைத்தார். தேநீரும் பேச்சும், அவ்வளவுதான். ஒருநாள் ஒரு பெண் வந்து தன் உடம்பில் இருந்த காயங்களைக் காட்டினாள். அந்த வீடு அடைக்கலமாகிவிட்டது. பிள்ளைகளோடு பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள், இடம் போதாமல் தரையில் படுத்தார்கள். இன்று அந்த நாட்டின் பெரிய பெண்கள் புகலிட அமைப்புகளில் ஒன்று அதிலிருந்து வளர்ந்தது. இலங்கையில் போரால் இடம்பெயர்ந்த பெண்களோடு வேலை செய்யத் தொடங்கிய 'சூரியா' மட்டக்களப்பில் வேரூன்றி, வீட்டு வன்முறைக்கு ஆளான தமிழ், முஸ்லிம் பெண்கள் இரு தரப்பினருக்கும் கதவு திறந்த இடமானது.

அவ்வளவு தூரம் போவானேன், புதுக்கோட்டைக்கு வாருங்கள். தாவூத் ஷரீபா கானம் தாயார் வளர்த்த பெண். 1980களின் கடைசியில் பீகாரில் பாட்னாவில் நடந்த பெண்கள் மாநாட்டுக்குத் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனார். அங்கே நாடு முழுவதிலுமிருந்து வந்த பெண்கள் தம் கதைகளைச் சொல்ல, அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவருக்கு, இது தன்னைச் சுற்றியும் நடப்பதுதானே என்று உறைத்தது. திரும்பி வந்து 'ஸ்டெப்ஸ்' என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். எல்லா மதத்துப் பெண்களுக்குமான அமைப்பு அது.

அங்கே முஸ்லிம் பெண்கள் ஒரே மாதிரியான குறையோடு வந்தார்கள். அடி, வரதட்சணை, ஒரு தபாலில் வந்த தலாக். வழக்கைக் கேட்பது ஊர் ஜமாத். ஜமாத்தில் உட்காருவது ஆண்கள் மட்டும். பல ஊர்களில் பெண் அந்த இடத்துக்குள் போகவே முடியாது. அவள் வழக்கை அவள் இல்லாமலே பேசி முடிப்பார்கள். ஷரீபா அதற்கு ஒரு வழி கண்டார். ஆண்கள் ஜமாத் கூடினால் பெண்களும் ஜமாத் கூடலாமே! 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாத் பிறந்தது. பல மாவட்டங்களிலிருந்து பெண்கள் பஸ் ஏறி வந்து உட்கார்ந்து மனுக்களைக் கேட்டார்கள், எதிர்த் தரப்பைக் கூப்பிட்டு விசாரித்தார்கள், போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் கூடப் போனார்கள். மிரட்டல் வந்தது, பழி வந்தது. நிறுத்தவில்லை. தீபா தன்ராஜ் இதைப் படமாகவே எடுத்திருக்கிறார், 2011இல், 'இன்வோக்கிங் ஜஸ்டிஸ்' என்று. உச்சநீதிமன்றம் முத்தலாக்கைச் செல்லாது என்று சொன்னது 2017 ஆகஸ்டில். புதுக்கோட்டைப் பெண்கள் அதைப் பல வருடம் முன்பே ஒரு ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்து பேசிவிட்டார்கள்.

ஷரீபாவின் வழியில் என்னைப் பிடித்து நிறுத்துவது, அவர் புதிதாக எதையும் இறக்குமதி செய்யவில்லை என்பது. ஊர் அறிந்த ஒரு வடிவத்தை எடுத்துப் பெண்கள் கையில் கொடுத்தார். நம் கையில் இருக்கிற வடிவம் குழு.

சென்னைக் கதை வேறு மாதிரி. பி.சி.வி.சி. என்று சொல்லப்படும் அமைப்பு 2001இல், பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ என்றே தொடங்கப்பட்டது. அவர்கள் தொலைபேசியில் கேட்டார்கள், தங்க இடம் கொடுத்தார்கள். ஆனால் வேலை விரிந்தது அவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்பதால். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்குப் போனார்கள். ஸ்டவ் வெடித்துவிட்டது, புடவையில் தீ பிடித்துவிட்டது என்று வாக்குமூலம் எழுதியிருக்கும். கட்டில் பக்கத்தில் நாள்கணக்கில் உட்கார்ந்து கேட்டால் வேறு கதை வரும். பிழைத்தவர்களுக்கு அப்புறம் என்ன? தோல் இறுகி கழுத்து திரும்பாது, விரல் பிரியாது, வேலை கிடைக்காது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். ஆகவே சிகிச்சைக்குத் துணை நிற்கும் 'விடியல்' மையம் வந்தது. அப்படிப் பிழைத்த பெண்கள் பயிற்சி எடுத்து, சென்னையில் 'ரைட்டர்ஸ் கஃபே' என்ற கடையில் கேக் சுட்டு, காபி போட்டுக் கொடுக்கிறார்கள். முகத்தை மறைக்காமல் நிற்கிறார்கள். போன் எடுத்துப் பேசுவதில் தொடங்கிய வேலை அடுப்படி வரை, சம்பளம் வரை போனது, அங்கே வந்த பெண்கள் அடுத்தது என்ன என்று கேட்டதால்.

நமக்கு வருவோம்.

சட்டம் நமக்குக் கதவு திறந்து வைத்திருக்கிறது. நம் குழுப் பயிற்சிகளில் அதைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக்கு எழுந்துவிடுகிறோம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடிப்பது மட்டும் வன்முறை என்று அது சொல்லவில்லை. கேவலமாகப் பேசுவது, கூலிப் பணத்தைப் பிடுங்குவது, நகையை அடகு வைப்பது, வீட்டை விட்டுத் துரத்துவது எல்லாம் அதில் வரும். நீ போலீஸுக்குப் போனால் அவன் ஜெயிலுக்குப் போவான், அப்புறம் கஞ்சிக்கு என்ன செய்வாய் என்று பயமுறுத்துகிறார்களே, அவர்களுக்கு அந்தச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. அது முதலில் தருவது பாதுகாப்பு ஆணை, வீட்டில் இருக்கும் உரிமை, செலவுக்குப் பணம், பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்ற உத்தரவு. அந்த ஆணையை மீறினால்தான் அதற்குத் தண்டனை. வீடு யார் பெயரில் இருந்தாலும் வாழ்ந்த வீட்டில் அவளுக்கு இருக்க உரிமை உண்டு. மாமனார் பெயரில் உள்ள வீடு என்றாலும் அப்படித் தள்ளிவிட முடியாது என்று 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இந்தச் சட்டத்தில் நமக்கென்றே எழுதியதுபோல இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. நான்காவது பிரிவு: வன்முறை நடக்கிறது, நடந்தது, நடக்கப்போகிறது என்று நம்பக் காரணம் இருந்தால் எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம், நல்லெண்ணத்தில் தந்தவர்மேல் வழக்கு வராது. எவரும் என்றால் பக்கத்து வீட்டுக்காரி, சத்துணவு ஆயா, குழு ஊக்குநர். அன்று அந்தத் திண்ணையில் குனிந்து காசு பொறுக்கிய நாங்கள் நாலு பேரும்தான். பத்தாவது பிரிவு: பெண்களின் உரிமைக்காக இயங்குகிற, பதிவு பெற்ற தொண்டு அமைப்பு, அரசிடம் 'சேவை வழங்குநர்' என்று பதிந்துகொள்ளலாம். அப்படிப் பதிந்த அமைப்பே குடும்ப நிகழ்வு அறிக்கையை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பலாம், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகலாம், காப்பகத்தில் சேர்க்கலாம். ஒரு தனிக் குழுவால் முடியாது. நம் ஒன்றியத்துக் குழுக்கள் சேர்ந்து அதற்கென்று ஒரு சங்கம் பதிந்து, மூன்று வருடமாவது இந்த வேலையைச் செய்து காட்டினால் முடியும். பாதுகாப்பு அலுவலர் உட்கார்ந்திருப்பது தர்மபுரியில். சித்தேரியிலிருந்து ஒரு பெண் மலை இறங்கி, பஸ் மாறி, அங்கே போய்ச் சேர்வதற்குள் அவளுடைய துணிச்சலில் பாதி கரைந்துவிடும். பாப்பிரெட்டிப்பட்டியிலோ பொம்மிடியிலோ கடத்தூரிலோ அந்தத் தாளை எழுத ஒருத்தி இருந்தால் அவளுக்கு ஒரு நாள் கூலி மிச்சம். உயிரும் மிச்சமாகலாம்.

ஏட்டில் இருப்பதெல்லாம் நடந்துவிடுகிறது என்று நான் சொல்லவில்லை. மூன்று நாளில் முதல் விசாரணை, அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்று எழுதியிருக்கிறது. வருடக்கணக்கில் இழுக்கிற வழக்குகளை நாம் பார்க்கிறோம். போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுக்கப் போனால், மனு வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கூடத் தராமல் "புருசன் பொண்டாட்டி சண்டை, பேசி முடிச்சுக்கங்க" என்று திருப்பி அனுப்புகிற இடங்கள் உண்டு. ஒருத்தி தனியாகப் போனால்தான் அப்படி. ஐந்து பேர் கூடப் போய், ரசீது வாங்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் என்ன நடக்கும் என்று வாச்சாத்திப் பெண்களைக் கேளுங்கள்.

இனி கொஞ்சம் கசப்பான பேச்சு. நம் குழுவைப் பற்றி.

சில வீடுகளில் அடிக்குக் காரணமே நாம் கொடுத்த கடன். அவள் பெயரில் வாங்கி அவன் கையில் போகிறது. தவணை நாள் வந்தால் அவள் பணம் கேட்கிறாள், அடி விழுகிறது. கட்டாவிட்டால் குழு அவள் வாசலில் போய் உட்காருகிறது, அதற்கும் அடி விழுகிறது. நம் பங்கு வட்டி குறையக் கூடாது என்று அவள் வீட்டு வாசலில் சத்தம் போட்ட சாயங்காலங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. யாருக்குக் கடன், எதற்கு, யார் கைக்குப் போகும் என்று கேட்பது குழுவின் கடமை. அதை நாசூக்கு என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது 'சமாதானம்'. யாராவது துணிந்து சொன்னால் நாம் செய்வது, நாலு பெரியவர்களைக் கூட்டி, அவனுக்கு இரண்டு புத்தி, இவளுக்கு நாலு புத்தி சொல்லி, "இனிமே கை வைக்க மாட்டான், போம்மா" என்று அதே வீட்டுக்கு அனுப்புவது. அவள் வெளியே சொன்னது தெரிந்த இரவுதான் அவளுக்கு ஆபத்தான இரவு. அவள் கேட்காமல் சமாதானம் பேசாதீர்கள். போக வேண்டும் என்றால் துணை போங்கள், இருக்க வேண்டும் என்றால் பழிக்காதீர்கள். போய்விட்டுத் திரும்பி வந்து, மறுபடி போகிறவர்களும் உண்டு. ஐந்தாம் முறை வந்தாலும் முதல் முறை கேட்டது போலவே கேளுங்கள்.

மூன்றாவது, ரகசியம். நம் குழுவில் அவளுடைய நாத்தனார் இருப்பாள், மாமியாரின் தங்கை இருப்பாள். ஒரே தெரு, ஒரே சாதி, ஒரே உறவு. திண்ணையில் நடுவில் உட்கார வைத்து "என்னடி காயம்?" என்று கேட்டால் அவள் "வுழுந்துட்டேன்" என்றுதான் சொல்வாள். சொல்லாமல் என்ன செய்வாள்? கேட்கிறவள் வேறு தெருக்காரியாக, முடிந்தால் வேறு ஊர்க் குழுக்காரியாக இருக்கட்டும். தனியாகக் கேட்கட்டும். கேட்டதை எழுதுகிற நோட்டு கணக்குப் பெட்டியில் இருக்கக் கூடாது.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். இரண்டு பேர் போதும், ஊராட்சிக்கு. தெரிய வேண்டியது கொஞ்சம்தான். 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் எந்த நேரத்திலும் எடுப்பார்கள். தமிழ்நாட்டில் 2018 டிசம்பரிலிருந்து இயங்குகிறது. சட்ட உதவிக்கு 15100. பெண்ணுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் வக்கீல் இலவசம், அது அவளுடைய உரிமை. மாவட்டத் தலைநகரில் 'சகி' மையம் இருக்கிறது. மருத்துவம், போலீஸ், வக்கீல், தங்கும் இடம் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் வழி காட்டுவார்கள். அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் "வுழுந்துட்டேன்" என்று சொல்ல வேண்டாம் என்று அவளிடம் மெதுவாகச் சொல்லுங்கள். அங்கே போடுகிற ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரியில் என்ன எழுதுகிறார்களோ அதுதான் நாளைக்குக் கோர்ட்டில் பேசும். ஆதார், ரேஷன் அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பேங்க் புத்தகம், இவற்றின் நகலும் மாற்றுப் புடவை ஒன்றும் அவள் வீட்டில் இல்லாமல் வேறு ஒருத்தி வீட்டில் இருக்கட்டும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்ணுக்குக் கட்டணம் இல்லை. மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய். அந்தத் திட்டத்துக்கு விண்ணப்பம் பதியும் முகாமையே 2023 ஜூலையில் நம் மாவட்டத்துத் தொப்பூரில்தான் முதல்வர் தொடங்கி வைத்தார். அந்த ஆயிரம் அவள் கணக்கிலேயே தங்குகிறதா, ஏ.டி.எம். கார்டு யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். மஞ்சவாடிக் கணவாயைத் தாண்டி விடியற்காலை பஸ்ஸில் போகிற ஒருத்திக்கு அந்த ஆயிரமும் அந்த நகல்களும்தான் கையிருப்பு.

ஆண்களில் நல்லவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். தங்கச்சி அடிபட்டாள் என்று தெரிந்து இரவோடு இரவாக வண்டி எடுத்துவந்து கூட்டிப்போன அண்ணன்களைத் தெரியும். அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் முடிவு எடுக்கும் இடத்தில் அவளே உட்காரட்டும்.

திருப்பூருக்குப் போனவளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. போன தை மாதம் அவள் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்கு வந்திருந்தாள். பெரியவன் பத்தாவது படிக்கிறான். வலது கை சுண்டு விரல் இன்னும் நேராகவில்லை. தையல் மெஷினில் அதைத் தூக்கி வைத்துக்கொண்டே ஓட்டப் பழகிவிட்டேன்க்கா என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "என் சேமிப்பு அப்படியே இருக்குதாக்கா?" என்று கேட்டாள். இருந்தது. குழுவைக் கூட்டினோம். நீக்கிய தீர்மானத்தை ரத்து செய்து, சேமிப்பை வட்டியோடு அவள் கணக்குக்கு அனுப்பினோம். கடன் பாக்கியைத் தள்ளுபடி செய்தோம். 'காரணம்' என்ற கட்டத்தில் இந்த முறை நடந்ததை நடந்தபடி எழுதினேன், அவளைக் கேட்டுக்கொண்டு.

அக்காமார்களே, அடுத்த கூட்டத்தில் பணத்தை எண்ணுவதற்கு முன் கடன் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டுங்கள். மூன்று வருடம் போதும். 'மருத்துவச் செலவு' என்று ஒரே பெயருக்கு நேரே எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். அன்று இரவோ மறுநாளோ, அவள் தனியாக இருக்கிற நேரம் பார்த்து, ஒருத்தி மட்டும் அவளிடம் போங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய ஊக்குநர்
பாப்பிரெட்டிப்பட்டி